சூடான பிறகு அவுட்போர்டு இஞ்சின் மறுபடி கிளம்ப மறுக்கிறது: எங்கே தேடுவது?

கேள்வியின் சுருக்கம்: ஃபைபர் படகு, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் இஞ்சின்), பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. காலையில் இரண்டு இழுப்பில் பிடித்துவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டி, வலையை இழுத்து வாங்க நிறுத்தி, 20 நிமிடம் கழித்து இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. பிளக் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் கழுவியாயிற்று, பலனில்லை.

பலனில்லாததற்குக் காரணம், அந்த வேலையெல்லாம் கரையில், இஞ்சின் ஆறிய பிறகு நடந்திருக்கிறது. இந்தக் கோளாறு சூட்டில் மட்டும்தான் தலைகாட்டும். ஆகவே பிளக் ஸ்பேனர், ஸ்பார்க் டெஸ்டர், உலர்ந்த பிளக் இரண்டு, கொஞ்சம் துணி, ஒரு பாட்டில் குடிநீர் இவற்றைப் படகிலேயே வைத்துக்கொண்டு, அது மறுக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: அப்படியே விட்டுவைத்தால் ஆறிய பிறகு தானாகவே கிளம்புகிறதா? ஒரு மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்தால், சூடுதான் நேரடிக் குற்றவாளி. ஆற ஆற இன்னும் மோசமாகி, பெட்ரோலை மறுபடி ஏற்றினால்தான் பிடிக்கிறது என்றால் கார்புரேட்டருக்குள் மண்ணெண்ணெய் தங்கியிருக்கிறது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் மண்ணெண்ணெய் இஞ்சின்களில் அதுதான் அதிகம். பெட்ரோலின் லேசான பகுதி 35–40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்குக் கொதிநிலையே ஏறக்குறைய 150 டிகிரியில்தான் ஆரம்பம். ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினின் சூட்டில் அது எரியும். நிறுத்தி 2 நிமிடத்துக்குள் இழுத்தாலும் பெரும்பாலும் எரியும். 20 நிமிடம் போனால் உள்ளே இருக்கும் வெதுவெதுப்பு போதாது, கயிற்றை இழுக்கும் வேகமும் போதாது. திரவமாகவே போய் பிளக்கை நனைத்துவிடும். நிறுத்துவதற்கு முன்னால் எரிபொருள் மாற்றும் வால்வை (காக்) பெட்ரோலுக்குத் திருப்பி, மெதுவான ஓட்டத்தில் 2–3 நிமிடம் விட வேண்டும் என்பது இதற்காகத்தான். பெட்ரோல் விலையைப் பார்த்து அரை நிமிடத்தில் அணைப்பவர்கள் உண்டு. ஆனால் கார்புரேட்டரில் எரிபொருள் தங்கும் ஃப்ளோட் கிண்ணத்திலும் ஃபில்டரிலும் குழாயிலும் இருக்கும் மண்ணெண்ணெய் முழுக்க எரிந்து தீர அந்த நேரம் வேண்டும். மறந்து அணைத்துவிட்டால் கயிற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்: அந்த வால்வைப் பெட்ரோலுக்கு மாற்றி, கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, இருப்பதை ஒரு டப்பாவில் வடித்து, திருகை மூடி, குழாயிலிருக்கும் ரப்பர் பல்பை அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். பிளக்கைத் துடைத்துப் போட்டு இழுங்கள். எரிபொருள் மாற்றும் வால்வின் உள்வாஷர் தேய்ந்திருந்தால், பெட்ரோல் பக்கம் திருப்பியிருந்தாலும் மண்ணெண்ணெய் கசிந்து கலக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் தொல்லை தொடர்ந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

பெட்ரோலில்தான் அணைத்தீர்கள், ஆறினால் கிளம்புகிறது என்றால் அடுத்தது சூடு. இஞ்சின் நின்றதும் தண்ணீர் சுற்று நின்றுவிடுகிறது. சிலிண்டரின் சூடு போக வழியில்லாமல் மேல்மூடிக்குள் ஏறி, கார்புரேட்டரையும் பெட்ரோல் பம்பையும் சுடவைக்கிறது. இது உச்சத்துக்கு வருவது நிறுத்திய உடனே அல்ல, 10–20 நிமிடம் கழித்துத்தான். வலை வாங்கி முடிக்கும் நேரமும் அதுவாகவே இருக்கிறது. இதில் எதிரெதிரான இரண்டு விளைவுகள் வரலாம். கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்து இஞ்சினை மூழ்கடிக்கலாம். அல்லது பம்பிலும் குழாயிலும் ஆவி அடைத்து, பெட்ரோலே வராமல் போகலாம். வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான், வைத்தியம் நேர்மாறானது. பிளக்கைக் கழற்றினால்தான் எது என்று தெரியும்.

பிளக் நனைந்து சொட்டினால்: சோக்கைத் தொடாதீர்கள், பல்பையும் அமுக்காதீர்கள். சூடான இஞ்சினுக்குச் சோக் இழுப்பதுதான் பல பேரின் தொல்லைக்கு முழுக் காரணமே. பெட்ரோல் குழாயைக் கழற்றி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை எவ்வளவு திறக்க விடுகிறதோ அவ்வளவு திறந்து, ஐந்தாறு முறை இழுங்கள். மிகுந்த பெட்ரோல் வெளியேறியதும் பிடிக்கும். பிடித்தவுடன் ஆக்சிலேட்டரைக் குறைத்துவிட்டுக் குழாயை மாட்டுங்கள். இது அடிக்கடி நடந்தால் கரையில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு: கார்புரேட்டரின் காற்று வாயை மூடியிருக்கும் சைலன்சர் மூடியைக் கழற்றி, பல்பைப் பலமாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு கார்புரேட்டர் வாயைப் பாருங்கள், சொட்டினால் நீடில் தேய்ந்திருக்கிறது அல்லது ஃப்ளோட் மட்டம் தவறியிருக்கிறது. இரண்டு, பம்பின் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு): அது பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் கிரான்க்கேஸின் அழுத்தத்தால் இயங்குவது, ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் அந்த வழியாகப் பெட்ரோல் நேராக இஞ்சினுக்குள் போகும். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: டாங்கின் காற்றுத் திருகு. அதை மூடி வைத்து, குழாயையும் மாட்டியபடி விட்டால், வெயிலில் டாங்கு உப்பி, அந்த அழுத்தமே பெட்ரோலை நீடிலைத் தாண்டித் தள்ளிவிடும். நின்றிருக்கும்போது குழாயைக் கழற்றிவிடுங்கள். கிளப்பும் முன் திருகைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள்.

பிளக் சுத்தமாக உலர்ந்திருந்தால் ஆவி அடைப்பு. பல்பை அமுக்கிப் பாருங்கள். காற்று போல் தொளதொளவென்று போய், பத்துப் பதினைந்து அமுக்கலுக்குப் பிறகே கெட்டியானால் சந்தேகமே இல்லை. அமுக்கும்போது பல்பின் அம்புக்குறி மேல்நோக்கி இருக்கட்டும், உள்ளே இருக்கும் வால்வுகள் அப்போதுதான் சரியாக உட்காரும். மேல்மூடியைக் கழற்றி, குடிநீரில் நனைத்த துணியைப் பம்பின் மேல் 5 நிமிடம் போட்டு வையுங்கள் (கடல் தண்ணீர் வேண்டாம், ஒயர் இணைப்புகள் பக்கமும் வேண்டாம்). அதற்குப் பிறகு உடனே பிடித்தால் கோளாறு உறுதியாயிற்று. காரணம் தேடும்போது, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வரும் தடித்த, சூடு கடத்தாத பேக்கிங்கை முதலில் பாருங்கள். யாராவது ரிப்பேர் பார்த்தபோது சாதாரண காகிதப் பேக்கிங் வெட்டிப் போட்டிருந்தால், அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லை தொடங்கியிருக்கும். இப்போது இந்தியாவில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாயின் உள்தோலை ஊதவைத்து உரிக்கும். உரிந்த தோல் குழாயை அடைத்தால் பம்பு வெற்றிடத்தை இழுக்கும், வெற்றிடத்தில் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஓடும்போது பல்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால் அடைப்பு பல்புக்கும் டாங்குக்கும் நடுவில். காற்றுத் திருகு மூடியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

பெட்ரோல் சரியாக வந்தும் பிடிக்கவில்லையா? ஸ்பார்க் பாருங்கள். கழற்றிய பிளக்கைச் சிலிண்டர் துளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். பிளக்கைத் துளையிலேயே பூட்டிவிட்டு, ஒயரை டெஸ்டரில் மாட்டி, இடைவெளியை 9 மில்லிமீட்டர் அளவில் வையுங்கள். ஆறிய நிலையில் நீலமாகத் தாண்டும் பொறி சூட்டில் மஞ்சளாகிறதா, காணாமலே போகிறதா? இரண்டு சிலிண்டரிலும் ஒரே நேரத்தில் போனால் பொதுவான உறுப்பு: பிளைவீலுக்கு அடியில் இருக்கும் சார்ஜ் காயில், பல்சர் காயில், பொறியை உரிய நேரத்தில் விடும் சி.டி.ஐ. பெட்டி, இல்லாவிட்டால் இஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச். கில் சுவிட்சின் இணைப்பை உருவிவிட்டுப் பாருங்கள். பொறி திரும்பினால் செலவு சுவிட்சோடு முடிந்தது. (அந்த நிலையில் இஞ்சினைச் சோக் இழுத்து அணைக்க வேண்டியிருக்கும்.) ஒரு சிலிண்டரில் மட்டும் போனால் அதன் இக்னிஷன் காயில், ஒயர், பிளக் தொப்பி.

காயிலை மல்டிமீட்டரில் அளப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 40 டிகிரி சூடேறினால் 16 சதவீதம் கூடுவது இயல்பு. அதைக் கண்டு காயிலைத் தூக்கி எறிய வேண்டாம். உள்ளே கம்பி விரிசல் விட்டிருந்தால் அளவு தாறுமாறாகக் குதிக்கும், அல்லது இணைப்பே அறுந்ததாகக் காட்டும். கரையில் சோதிக்க ஹேர் டிரையரால் சூடேற்றிக்கொண்டே அளக்கலாம். பிளக்கை மாற்றுவதானால் புத்தகத்தில் சொன்ன எண்ணையே போடுங்கள். என்.ஜி.கே. நிறுவனத்தின் பிளக் எண்களில் 7ஐ விட 8 குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றுவது. மண்ணெண்ணெயில் அது சீக்கிரம் கரி பிடிக்கும். கடைசியில் 10 என்று முடிந்தால் இடைவெளி 1 மில்லிமீட்டர்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தொல்லை என்றால் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும்போது பின்னால் ஒல்லியாகப் பீய்ச்சும் தண்ணீர் வேகம் குறைந்திருந்தால் இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் சக்கரம்), உப்புப் படிந்த வழிகள், தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் போங்கள்.

கடைசியாகக் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளை ஆறிய இஞ்சினில் கெட்டியான எண்ணெய் கொஞ்சம் காப்பாற்றிவிடும், சூட்டில் எண்ணெய் இளகியதும் குட்டு வெளிப்படும். ஆகவே சூட்டிலேயே அளக்க வேண்டும்: இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயர்களை இஞ்சின் உடம்பில் எர்த் செய்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, கம்ப்ரெஷன் மீட்டரின் முள் நிற்கும்வரை நாலைந்து இழுப்பு. மண்ணெண்ணெய் மாடல்களைக் குறைந்த கம்ப்ரெஷனில்தான் செய்கிறார்கள், பக்கத்துப் படகின் பெட்ரோல் இஞ்சினோடு ஒப்பிட்டு மிரள வேண்டாம். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே 10–15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைவாக இருப்பதில் ஒரு டீஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கட்டைக் கழற்றிப் பாருங்கள்.