மாரிகால வளவுப் பயிர்: கேள்வி பதில்

ஐப்பசி முதல் மாசி வரையான வீட்டுத்தோட்ட வேலைகள் குறித்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன.

களுவாஞ்சிக்குடி வாசகர்: ஐயா, முதல் மழை விழுந்துவிட்டது. கத்தரி, கொச்சிக்காய், தக்காளி மூன்றுக்கும் சேர்த்து நாற்றுமேடை போடலாமா?

கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் உடனே போடுங்கள். புரட்டாசியிலேயே போட்டிருந்தால் இன்னும் நல்லது. தக்காளியை மார்கழி நடுப்பகுதி வரை நிறுத்தி வையுங்கள். அடைமழைக்குள் நட்ட தக்காளி பூவை உதிர்க்கும், தப்பிய காயும் வெடிக்கும், பக்றீரியா வாடல் வந்துவிட்டால் செடி ஒரே நாளில் தலை சாய்ந்துவிடும். மழை தணியும் தை மாதத்தில் நடக்கூடியதாக நாற்று வளர்ப்பதே புத்தி.

மேடை 3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் உயரமும் இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அதன்மேல் வைக்கோலையும் உமியையும் மாறி மாறிப் பரப்பி எரித்த பின் விதையிட்டால், மண்ணிலுள்ள பூஞ்சணத்தின் பெரும்பகுதி அழிந்துவிடும். விதையை நெருக்கமாகத் தூவாதீர்கள். வளைத்த கம்புகளின்மேல் பொலித்தீன் கூரை அமைத்து, காற்றோட்டத்துக்காகப் பக்கங்களைத் திறந்தே விடுங்கள். இலை பச்சையாக இருக்கும்போதே, மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூல்போல மெலிந்து, கபில நிறமாகி நாற்று சரிந்தால் அது நாற்றழுகல். சரிந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அகற்றிவிட்டு, மேடை சற்று உலரும் வரை நீர் ஊற்றாமல் இருங்கள்.

காத்தான்குடி வாசகர்: எங்கள் வளவு முழுவதும் மணல். யூரியா இட்டு இரண்டு நாள் மழை பெய்ததும் செடிகள் மறுபடி வெளிறிவிடுகின்றன. அளவைக் கூட்டலாமா?

கூட்டக் கூடாது. மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,700 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அவ்வளவு நீரையும் விழுங்கும் கரையோர மணல், நீரில் கரைந்த யூரியாவை வேரிடத்தில் தங்க விடுவதில்லை. நீங்கள் கூட்டி இடுவது எங்கே போகிறது என்று பார்த்தால், ஆழமில்லாத உங்கள் சொந்தக் கிணற்றுக்குத்தான். ஆகவே வழக்கமான அளவை மூன்று நான்காகப் பிரித்து, மழை விட்ட நாட்களில் சிறிது சிறிதாக இடுங்கள். மணலுக்கு நிரந்தர மருந்து மக்கிய மாட்டெருவும் உமிக்கரியும்தான். இரண்டும் நீரையும் சத்தையும் பிடித்து வைப்பவை. வாவியில் அள்ளக் கிடைக்கும், நீரில் மிதக்கும் களையான ஆற்றுவாழையும் நல்ல மூடாக்கு. ஆனால் அதைப் பச்சையாகப் போடாமல், வேரைக் கழித்து, சருகு நிறமாகும் வரை உலர்த்திய பின்னரே செடியடியில் பரப்புங்கள்.

வெல்லாவெளி வாசகர்: படுவான்கரைக் களிமண் வளவு. மாரியில் நாட்கணக்காக நீர் நிற்கிறது. சென்ற வருடம் பப்பாசி எல்லாம் செத்துவிட்டது. வாழை மட்டும் தப்பியது. ஏன்?

பப்பாசியின் வேர் மூச்சுத் திணறலைத் தாங்காது. நீர் தேங்கிய மண்ணில் இரண்டு நாள் நின்றாலே வேர் அழுகத் தொடங்கிவிடும். பிறகு நீர் வடிந்தாலும் மரம் மீளாது. வாழை அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். இனிப் பப்பாசியை முழங்கால் உயர மண் மேட்டில் நடுங்கள். வடிகாலை மழைக்கு முன்னரே வெட்டி, நீர் வெளியேறும் இடம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். பக்கத்து வளவுக்குள் திருப்பிவிட்டால் அது வடிகால் அல்ல, வழக்கு! மார்கழியில் வெயில் கண்டதும் வாய்க்காலை மூடுவோர் பலர் இருக்கிறார்கள். 2011 இல் எமது மாவட்டத்தை மூழ்கடித்த பெருவெள்ளம் ஜனவரியில்தான் வந்தது. ஆகையால் மாசி பிறக்கும் வரை வாய்க்கால் திறந்தே இருக்கட்டும்.

வாழைக்கு வேறொரு வேலை உண்டு. குலை தள்ளிய மரங்களுக்கு, குலை சாயும் பக்கத்தில் கவைக்கம்பால் முட்டுக் கொடுங்கள். 1978 நவம்பர் 23 அன்று அடித்ததைப் போன்ற சூறாவளிக்கு எந்த முட்டும் நிற்காது. வழமையான வாடைக்கு நிற்கும்.

அக்கரைப்பற்று வாசகி: முருங்கையில் மயிர்க்கொட்டி அப்பிக் கிடக்கிறது. பிள்ளைகள் வளவில் இறங்கவே பயப்படுகிறார்கள்.

அம்மா, பகல் வேளையில் அவை அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பளித் துண்டுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். இரவில்தான் ஏறி இலையைத் தின்னும். எனவே பகலே அவற்றை அழிப்பதற்கு ஏற்ற நேரம். நீண்ட தடியில் துணி சுற்றிய பந்தத்தால் மேலோட்டமாகத் தீய்த்துவிடும் நம்மவர் முறை பலன் தரும். பட்டை கருகும் அளவுக்குப் பிடிக்காதீர்கள், கூரைக்கோ வேலிக்கோ அருகிலுள்ள மரத்தில் இதைச் செய்யவும் வேண்டாம். அப்படியான மரத்துக்குச் சவர்க்கார நீரை நன்கு நனையத் தெளித்து, கீழே விழுபவற்றைக் கூட்டிப் புதைத்துவிடுங்கள். கையையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வராத பக்கம் நில்லுங்கள்; உதிரும் மயிர் பட்டாலும் தோல் தடிக்கும். அடுத்த முறை மழைக்கு முன்னரே கிளைகளைத் தறித்துவிட்டால், மரம் காற்றுக்கு முறியாது, தழையும் குறைவாக இருக்கும்.

நிந்தவூர் வாசகர்: பெரிய நத்தைகள் கீரைப் பாத்தியை ஒரே இரவில் மொட்டையாக்கிவிட்டன. உப்புத் தூவலாமா?

பாத்தியில் உப்பைத் தூவினால் நத்தையோடு மண்ணும் கெடும். மாலையில் ஈரச் சாக்கை விரித்து, அதன் கீழே பப்பாசி இலையைப் போட்டு வையுங்கள். விடியும்போது நத்தைகள் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, வாளியிலுள்ள உப்புநீரில் போடுங்கள். நத்தையில் மனிதருக்குத் தொற்றும் புழுக்கள் இருக்கலாம். ஆகவே வெறுங்கையால் தொடாதீர்கள், கீரையையும் நன்றாகக் கழுவிச் சமையுங்கள். சாம்பல் வேலி மழை நனைத்த கணத்திலேயே பயனற்றுப் போகும்.

செங்கலடி வாசகர்: மாமரத்தை இப்போது கத்தரிக்கலாமா?

வேண்டாம். மழையில் துளிர்க்கும் இளங்கிளை இந்த முறை பூக்காது. அறுவடை முடிந்தபின் வெட்டுங்கள்.

திருக்கோவில் வாசகர்: தென்னம்பிள்ளை நடவும், காய்க்கும் தென்னைக்கு உரமிடவும் எது சரியான காலம்?

இரண்டுக்கும் ஐப்பசி மழையில் மண் நனைந்த பிறகு, அடைமழை பிடிப்பதற்கு முந்திய இடைவெளியே ஏற்றது. 3 அடி நீள, அகல, ஆழமான குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டையை அடுக்கி, மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி நடுங்கள். மட்டை குடிக்கும் நீர்தான் வருகிற சித்திரை, வைகாசி வெயிலில் பிள்ளையைக் காப்பாற்றும். மரத்துக்கு மரம் 26 அடி விடுங்கள். நெருக்கி நட்டவர்கள் பின்னால் வானத்தைப் பார்த்து வளர்ந்த மெல்லிய மரங்களையே காண்கிறார்கள். காய்க்கும் மரத்துக்கு உரத்தை அடிமரத்தோடு ஒட்டிக் கொட்டாமல், சுமார் ஒன்றரை மீற்றர் சுற்றுக்குள் பரவலாகத் தூவி, மண்ணோடு கொத்திவிடுங்கள். மாட்டெருக் குவியலை மட்டும் தென்னைக்குப் பக்கத்தில் வைத்திருக்காதீர்கள். குருத்தைத் துளைக்கும் கருவண்டின் புழு அதற்குள்தான் வளர்கிறது.