அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்கு பிபி, எனக்கு 112: எல்லாரையும் ஒரே மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசில போடலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம், மேலூர் பக்கம் சின்னதா ஹார்ட்வேர் கடை வச்சிருக்கேன், வயசு 42. அப்பாவுக்கு 68, சுகர் வந்து 15 வருஷம் ஆச்சு. அம்மாவுக்கு 63, பிபி மாத்திரை சாப்பிடுறாங்க. வீட்டுல அவங்களுக்கு 35, சின்னவன் வயித்துல இருந்தப்ப சுகர் வந்து பிரசவத்துக்கு அப்புறம் போயிருச்சு. எனக்கு போன மாசம் வெறும் வயித்துல சுகர் பாத்தப்ப 112. பிள்ளைக ரெண்டு. மாசம் 6000 ஒதுக்க முடியும். ஏஜெண்ட் ஆறு பேரையும் ஒரே பாலிசில போட்டுரலாம், சுகர் பத்தி எழுத வேணாம், 5 வருஷம் கட்டிட்டா யாரும் கேக்க முடியாதுங்கறார். இல்ல பேசாம சீட்டு போட்டு ஆஸ்பத்திரி செலவுக்கு வச்சுக்கவா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஃபார்ம்ல கையெழுத்து போடாதீங்க.

எங்க மாமா ஒருத்தர், உசிலம்பட்டிப் பக்கம், இதே மாதிரி யாரோ சொன்னாங்கன்னு சுகரை மறைச்சு பாலிசி எடுத்தார், ரெண்டாவது வருஷமே நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வச்சாங்க, அட்மிஷன் போடும்போது டூட்டி டாக்டர் எத்தனை வருஷமா சுகர்னு கேக்க, அத்தை அது ஆச்சு 10 வருஷம்னு உள்ளத சொல்ல, கேஸ் ஷீட்டுல அப்படியே ஏறிருச்சு. கிளெய்ம் போச்சு. அத்தையை குத்தம் சொல்ல முடியுமா, டாக்டர்கிட்ட மறைச்சா உசுருக்கே ஆபத்தாச்சே. அவங்க அட்டிகையை அடகு வச்சுத்தான் பில்லு கட்டினோம், இன்னும் மீட்டபாடில்ல. அந்த 5 வருஷக் கணக்கும் பாதிதான் உண்மை, வேணும்னே மறைச்சதுன்னு கம்பெனி நிரூபிச்சா அதுக்கு அப்புறமும் மறுக்கலாம். உள்ளத எழுதினா என்ன ஆகும்னா, ஏற்கனவே இருக்க நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம் காத்திருக்கணும், 2024 ஏப்ரல்லேருந்து அதுக்கு மேல எந்த கம்பெனியும் கேக்க முடியாது, பிரீமியம் கொஞ்சம் கூடலாம், சில கம்பெனி தரமாட்டேன்னும் சொல்லலாம், அவ்வளவுதான். உங்க 112ஐயும் வீட்டுல அவங்களுக்கு வந்து போன சுகரையும் சேத்தே எழுதுங்க.

ஆறு பேருக்கும் ஒரே பாலிசி வேணாம். வீட்டுல மூத்தவங்க வயச வச்சுத்தான் பிரீமியம் போடுவாங்க, அப்பாவோட 68 வயசுக்கு உங்க பிள்ளைகளுக்கும் சேத்து நீங்க கட்டணுமா? அதோட அப்பா ஒரு தடவை படுத்தா மொத்த தொகையும் அவருக்கே போயிரும். நீங்க, வீட்டுல அவங்க, பிள்ளைக நாலு பேருக்கு 5 லட்சத்துக்கு ஒண்ணு, அப்பா அம்மாவுக்கு தனியா சீனியர் பாலிசி. சீனியர் பாலிசில பில்லுல எத்தனை பங்கு நம்ம கையிலேருந்து போடணும், ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கான்னு ரெண்டையும் கேட்டுட்டு எடுங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து இதுக்கெல்லாம் ஜிஎஸ்டி கிடையாது, யாராவது சேத்து கேட்டா ஏன்னு கேளுங்க.

ஆனா பாலிசி எடுத்தாச்சுன்னு நோயை விட்டுட்டா எந்த கணக்கும் நிக்காது. நான் டாக்டர் இல்ல, இருந்தாலும் ஆஸ்பத்திரி பில்லுல நொடிஞ்ச குடும்பத்த நிறைய பாத்ததால சொல்றேன், 6000ல 700 ரூபாய டெஸ்டுக்கு மட்டும்னு தனியா எடுத்து வைங்க. ஒவ்வொருத்தருக்கும் தேவை வேற வேற. அப்பாவுக்கு 15 வருஷ சுகர், அதனால வருஷம் ஒரு தடவை கண்ணுல மருந்து விட்டு விழித்திரை பாக்கணும் (நம்ம அரவிந்த் கண் ஆஸ்பத்திரி பக்கத்துலதான இருக்கு), கிட்னி எப்படி இருக்குன்னு தெரிய யூரின்ல புரோட்டீன் போகுதான்னும் ரத்தத்துல கிரியேட்டினினும் பாக்கணும், தினம் ராத்திரி பாதத்த ஒரு பார்வை பாக்கச் சொல்லுங்க. கிட்னி போனா வாரத்துக்கு மூணு டயாலிசிஸ், கூட ஒரு ஆளு கடைய பூட்டிட்டு அலையணும், அந்த வருமான இழப்பை எந்த பாலிசியும் தராது. அம்மா நல்லாத்தான இருக்கேன்னு மாத்திரைய நிறுத்தாம பாத்துக்கங்க, ஊறுகாயும் கருவாடும் குறையணும். மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர பதிஞ்சு விடுங்க.

வீட்டுல அவங்கள பத்திதான் எனக்கு ரொம்ப கவலை, ஏன்னா அவங்களுக்கு இப்ப ஒண்ணும் இல்ல, அதனால யாரும் பாக்க மாட்டாங்க. மாசமா இருக்கும்போது சுகர் வந்தவங்களுக்கு பின்னாடி நிரந்தரமா வர வாய்ப்பு மத்த பொம்பளைங்கள விட பல மடங்கு அதிகம். வருஷம் ஒரு தடவை வெறும் வயித்து டெஸ்டும் மூணு மாச ஆவரேஜ் டெஸ்டும் கண்டிப்பா எடுக்கணும். உங்களுக்கு 112ன்னா அது இன்னும் சுகர் இல்ல, 126லேருந்துதான் சுகர், ஆனா 100 தாண்டுனாலே வாசல்ல வந்து நிக்குதுன்னு அர்த்தம். தொப்புள் மட்டத்துல இடுப்பு 90 சென்டிமீட்டர் தாண்டுதான்னு அளந்து பாருங்க, கடையடைச்சுட்டு ராத்திரி பரோட்டாவ குறைங்க, காலையில கம்மாய்க்கரைல அரைமணி நேரம் நடங்க. நடையும் சாப்பாடும் மாத்தினா சுகர் வர்றத நாலுல ஒரு பங்குக்கு மேல தடுக்கலாம்னு 2006லயே நம்ம இந்தியாவுல செஞ்ச ஆய்வு காட்டிருச்சு.

மிச்சம் 5300ல நாலு பேர் பாலிசிக்கு 2000ன்னு வைங்க, கொட்டேஷன் பாத்து கூட்டிக் குறைச்சுக்கலாம். மீதி அப்பா அம்மா பாலிசிக்கு. அப்பாவுக்கு கம்பெனி தரமாட்டேன்னு சொன்னா அவர் பங்க பேங்க்ல மாசாமாசம் கட்டுற ஆர்டியா போடுங்க, அதுல வேற எதுக்கும் கை வைக்காதீங்க. சீட்டு வேணாம், மூணாவது மாசம் ஆஸ்பத்திரி செலவு வந்தா தள்ளி எடுக்கறதுலயே பாதி போயிரும். பழைய முறைல வருமான வரி கட்டுறீங்கன்னா மெடிக்கல் இன்சூரன்ஸுக்கு குடுக்கற வரிக் கழிவுல (80டின்னு சொல்வாங்க) டெஸ்ட் செலவும் 5000 வரைக்கும் சேரும், ரசீத எடுத்து வைங்க. அப்பாவோட பழைய மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டுட்டு, ஃபார்ம நீங்களே உக்காந்து நிரப்புங்க, ஏஜெண்ட் கையில குடுக்காதீங்க.