முதுகு நீரில் செல் குறைந்தால் நல்லதுதானே?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் உண்டு. காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று காய்ச்சல், நினைவு தடுமாற்றம். நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வந்த மூளைக்காய்ச்சல் என்று மூன்று நாளாக ஐ.சி.யு.வில் இருக்கிறார். முதுகு நீரில் வெள்ளையணு 240, சர்க்கரை 38, புரதம் 420. ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) 90,000, சர்க்கரை 290. ‘செல் குறைவுதான் கவலை’ என்கிறார் மருத்துவர். செல் கூடினால்தானே கெடுதல்?

பதில்: மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருப்பதுதான் முதுகு நீர். அதில் வெள்ளையணு 5-க்கு மேல் இருக்கக் கூடாது. பாக்டீரியா புகுந்தால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அது நோய்க்கு அடையாளம். உடம்பு எதிர்த்து நிற்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம். சிலருடைய நீரைக் பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி ஜோடி ஜோடியாக மொய்த்திருக்கும், வெள்ளையணு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்படும். உங்கள் மருத்துவர் அஞ்சுவது இதைத்தான். 2004-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு பெரியவர்களிடம் 696 முறை வந்த பாக்டீரியா மூளைக்காய்ச்சலைப் பின்தொடர்ந்தது. செல் 1,000-க்குக் கீழே இருப்பது, தட்டணு குறைவு, ரத்தத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் கிருமி வளர்வது, வேகமான நாடி, முதுமை, காது அல்லது சைனஸ் தொற்று ஆகியவை மோசமான முடிவோடு சேர்ந்தே வந்தன. அதில் நிமோகாக்கஸ் தாக்கியவர்களில் 100-க்கு 30 பேர் இறந்தார்கள், 70 பேர் பிழைத்தார்கள். அப்பா எந்தப் பக்கம் என்பதை 240 என்ற ஒற்றை எண் சொல்லாது.

சர்க்கரை 38 என்பது பார்க்கச் சுமாராகத் தெரியும். ஆனால் அதே நேரத்து ரத்தச் சர்க்கரையால் வகுக்க வேண்டும்: 38-ஐ 290-ஆல் வகுத்தால் 0.13. சுமார் 0.6 இருக்க வேண்டியது, 0.4-க்குக் கீழே போனாலே பாக்டீரியாவைச் சந்தேகிப்போம். சர்க்கரை நோயாளிகளிடம் பலர் கோட்டைவிடும் இடம் இது. தட்டணு 90,000 என்றதும் நம்மூரில் டெங்கு நினைவுக்கு வரும்; இங்கே அது கிருமி ரத்தத்திலும் பரவியிருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை.

இனி எதைப் பார்ப்பது? முதலில் நினைவு நிலை. 3 முதல் 15 வரை போடும் கிளாஸ்கோ மதிப்பெண் தினமும் ஏறுகிறதா என்று கேளுங்கள். ஆய்வக எண்களைவிட அதற்கே எடை அதிகம். அடுத்து சி.ஆர்.பி. என்ற, உடம்பில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. இறங்கி வந்தது மறுபடி ஏறினால் காதுக்குப் பின்னெலும்பில் சீழ், நிமோனியா, டிரிப் குழாய்த் தொற்று என்று தேட வேண்டும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தால் ரத்தத்தில் வெள்ளையணுவும் சர்க்கரையும் அந்த மருந்தாலேயே கூடும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று பதறாதீர்கள். சரியான மருந்து கொடுத்தும் 48 மணி நேரத்தில் தேறவில்லை என்றால்தான் முதுகு நீரை மறுபடி எடுப்பது பற்றி யோசிப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன், தாமதமானால் நான்கு வாரத்துக்குள், செவித்திறன் பரிசோதனை அவசியம். நிமோகாக்கஸ் உள்காதைத் தாக்கினால் அங்கே எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு கேட்கும் திறன் தர உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்துவதே கடினமாகிவிடும்.