பேரனுக்கு மஞ்சள்: டிரிப்ஸ் காரணமா, கிருமி காரணமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழாம் மாதமே பிரசவமாகிவிட்டது. பேரனின் குடலில் ஒரு பகுதி அழுகிப்போய், ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஒரு மாதமாக டிபிஎன் என்று நரம்பு வழியாகத்தான் உணவு ஏறுகிறது. போன வாரம் ரத்தத்தில் கிருமி என்றார்கள். இப்போது கண் மஞ்சளாக இருக்கிறது. டைரக்ட் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ரத்தத்தில் 4.6 என்கிறார்கள். டிரிப்ஸ்தான் ஈரலைக் கெடுத்துவிட்டதா? அதை நிறுத்தச் சொல்லலாமா? கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா. குடல் தேறும்வரை பேரனுக்கு அதுதான் சாப்பாடு. 1960-களில் அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற அறுவை மருத்துவர், நாய்க்குட்டிகளை நரம்பு வழி உணவிலேயே வளர்த்துக் காட்டினார். அதற்கு முன்பெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. வயிற்றுக்குள் பால் இறங்கினால்தான் குடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து பித்தப்பையைச் சுருங்க வைக்கும். பால் இறங்காவிட்டால் பித்தம் ஓடாமல் தேங்கும். டிபிஎன்னோடு பால்போல வெள்ளையாக ஒரு மருந்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கொழுப்பு. பெரும்பாலும் சோயா எண்ணெயில் செய்தது. அதிலுள்ள தாவர ஸ்டெரால்கள் என்ற கொழுப்புப் பொருள்களும் பித்த ஓட்டத்தை மந்தப்படுத்தும். குளுக்கோஸ் அளவு மீறினால் கல்லீரலில் கொழுப்பு படியும்.

இத்தோடு கிருமியும் சேர்ந்துகொண்டது. கிருமி கல்லீரலுக்குள் போய் உட்கார வேண்டும் என்றுகூட இல்லை. சில பாக்டீரியாக்களின் உறையிலிருந்து கசியும் நச்சு ரத்தத்தில் கலந்தாலே, பித்தத்தை வெளியே தள்ளும் வேலையைக் கல்லீரல் செல்கள் குறைத்துக்கொள்ளும். கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து வருகிறது. வேலையில்லாமல் கிடக்கும் குடலின் உட்சுவர் மெலிந்து, அங்கிருந்தும் கிருமியும் நச்சும் கசியலாம். அதனால் டிரிப்ஸா, கிருமியா என்று ஒன்றை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

இன்னொன்று. கிருமி அடங்கிய மறுநாளே மஞ்சள் இறங்கும் என்று காத்திருந்து மனம் நொந்துவிடாதீர்கள். பித்தத்தோடு வெளியேற வேண்டிய டைரக்ட் பிலிருபினில் ஒரு பகுதி ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அது கரைய வாரக்கணக்கில் ஆகும். பிள்ளை தேறிக்கொண்டே வருவான், ரிப்போர்ட்டில் எண் மட்டும் அடம்பிடிக்கும். பிறந்த குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் மஞ்சள் வேறு. அதற்கு வைக்கும் நீல விளக்கு இதற்கு உதவாது. வெயிலில் காட்டுவதும் அப்படித்தான்.

டாக்டரிடம் சண்டைக்குப் போவதுபோல் இல்லாமல் இரண்டு விஷயம் கேளுங்கள். மூக்குக் குழாய் வழியாகக் கொஞ்சமாவது பால் ஆரம்பிக்க முடியுமா? ஓரிரு மில்லி பால்கூடக் குடலை எழுப்பிவிடும். பித்தமும் நகரும். அப்புறம், கொழுப்பின் அளவைக் குறைக்கவோ மீன் எண்ணெய் உள்ளதாக மாற்றவோ முடியுமா? இப்படி மஞ்சள் வந்த குழந்தைகளுக்கென்று மீன் எண்ணெய்க் கொழுப்பு மருந்துக்கு அமெரிக்க அரசு 2018-இல் அனுமதி கொடுத்தது. ஆனால் இரண்டையும் முடிவு செய்ய வேண்டியது அவர்தான்.

டிபிஎன் ஏறும் குழாயின் முனை இதயத்துக்குப் பக்கத்தில் பெரிய ரத்தக்குழாயில் இருக்கும். அதனால்தான் நர்ஸ் ஒவ்வொரு முறையும் அதன் வாயை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, காயவிட்டுத் திறக்கிறார். அவசரப்படுத்தாதீர்கள். நீங்களும் கை கழுவாமல் பிள்ளையைத் தொடாதீர்கள். பால் ஆரம்பித்த பிறகு மலம் சுண்ணாம்புபோல் வெளுத்துப் போனால் அன்றைக்கே சொல்லுங்கள். பித்தக்குழாயே அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதில் தாமதம் கூடாது.

கீழாநெல்லி வேண்டவே வேண்டாம். தையல் போட்ட குடலுக்குள் பச்சிலைச் சாறு போனால் புதுக் கிருமியைக் கூப்பிட்டதாகிவிடும்.

மகளை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இப்போது பயன்படாவிட்டாலும் எடுப்பதை நிறுத்தினால் பால் வற்றிவிடும். போதாவிட்டால் தாய்ப்பால் வங்கியில் கிடைக்குமா என்று வார்டிலேயே விசாரியுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது.