வில்லு வரைஞ்சாச்சு, அம்பு எங்கவே?

கேள்வி: எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. பாளையங்கோட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். கூடப் படித்த பயலுவ ஆறு பேர் சேர்ந்து நாட்டுப்புற இசைக்குழு ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருவன் தாத்தாவிடம் வில்லுப்பாட்டு படித்தவன். ஒருவன் மகுடம் என்கிற தோல்வாத்தியம் அடிப்பான், ஒருவன் கிதார். முதல் நிகழ்ச்சிக்குப் போஸ்டரும், குழுவுக்கு லோகோவும் கேட்கிறார்கள். கரகாட்டப் பெண், கோபுரம், தாமிரபரணி, வில், பறை எல்லாம் வர வேண்டுமாம். பின்னால் சுடலைமாடன் படமும் வேண்டுமாம். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன், கல்யாண மண்டப விளம்பரம் மாதிரி இருக்கிறது. "நம்ம பயதானே" என்று கூலி பற்றிப் பேச்சே இல்லை. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், கல்லிடைக்குறிச்சி

பதில்: தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். அவர்கள் பாடி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று இருக்கிறது. எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வரி இல்லை. கேட்காமல் வரைந்தால் கண்ணுக்கு முன்னால் வருவது கரகமும் கோபுரமும்தான். அந்தக் குழுவில் யாராவது கரகம் ஆடுகிறார்களா? கோபுரம் நெல்லையப்பருக்கு ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் ஒன்று கட்டித் தர வேண்டாம்.

என் கதையைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வராத காலத்தில் சேரன்மகாதேவி பக்கம் ஒரு கோயில் கொடை விழாவுக்குச் சுவர் விளம்பரம் எழுதினேன். எழுத்தோடு ஒரு வில்லும் வரைந்தேன், ராமர் கையில் இருக்குமே, அது மாதிரி நட்டக்குத்தலாக. குடம் அடிக்கிற பெரியவர் ஒருவர் டீ கிளாஸோடு வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். "வில்லு வரைஞ்சாச்சு, அம்பு எங்கவே?" என்றார். அதன் பிறகு எந்த வாத்தியத்தையும் நேரில் பார்க்காமல் நான் தொட்டதில்லை.

வில்லுப்பாட்டில் வில் படுத்திருக்கும். வளைந்த முதுகு கீழே, மண்குடத்தின் கழுத்தில் சேர்த்துக் கட்டியிருக்கும். நாண் மேலே. வளைவில் மணிகள் தொங்கும். தலைமைப் பாட்டுக்காரர் இரண்டு வீசுகோலால் நாணில் அடிப்பார். குடக்காரர் குடத்தின் வாயில் அடிப்பார். உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் சுற்றி இருக்கும். பாடுகிறவர்கள் வலத்தே, இடத்தே என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்காருவார்கள். கொஞ்சம் யோசியுங்கள், இதிலேயே உங்களுக்கு ஒரு போஸ்டர் இல்லையா? நடுவில் வில், வலத்தே மூன்று பேர், இடத்தே மூன்று பேர், கிதார்காரன் உட்பட. மகுடமும் கிதாரும் எதிரெதிராக உட்கார்ந்தால், இது பழைய கொடைப் பாட்டும் இல்லை, வெறும் கல்லூரி பாண்டும் இல்லை என்பது ஒரே பார்வையில் தெரியும்.

பறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இணையத்தில் எடுத்த பறைப் படத்தை மகுடம் என்று போட்டுவிடாதீர்கள். பறைக்குக் குச்சி உண்டு. மகுடத்தை வெறும் கையால் அடிப்பார்கள். கோயில் கொடைகளில் நடக்கிற கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம் சேர்ந்து பேசும். அம்பாசமுத்திரத்திலோ முக்கூடலிலோ போஸ்டரைப் பார்க்கிற ஆளுக்கு இது தெரியும். குச்சியோடு மகுடம் பார்த்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார், நிகழ்ச்சிக்கு வர மாட்டார்.

ஆகவே ஒத்திகைக்குப் போய் இரண்டு சாயங்காலம் உட்காருங்கள். செல்போன் போதும். கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிற படம் வேண்டாம். மகுடக்காரன் விரல், குடக்காரனின் கை இறங்குகிற நொடி, பாடுகிறவன் மூச்சு வாங்குகிற முகம், இவற்றை எடுங்கள். கடையில் இருக்கிற ரெடிமேட் படங்களில் இது ஒன்றும் கிடைக்காது.

சுடலைமாடன் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: வேண்டாம். எத்தனையோ வீடுகளுக்கு அவர் குலதெய்வம். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்தப் போஸ்டர் கிழிந்து சாக்கடையில் கிடக்கும், ஆடு மெல்லும். சுடலை கதையையே பாடுகிறார்கள் என்றால் கதையின் பெயரை எழுத்தில் போடுங்கள், போதும். தாத்தாவிடம் கதை படித்த பையனிடமே கேட்டுப் பாருங்கள், அவனும் இதைத்தான் சொல்லுவான் என்று நினைக்கிறேன்.

எழுத்துக்கு வருவோம். நம் ஊர்க் கொடை நோட்டீஸைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? ரோஸ் தாளில், படம் இல்லாமல், பெயர்களாலேயே நிரம்பியிருக்கும். ஊரே நின்று வாசிக்கும், தன் பெயர் இருக்கிறதா, எந்த வரியில் இருக்கிறது என்று. அந்தப் பசியை விட்டுவிடாதீர்கள். ஆறு பேர் பெயரும், பக்கத்திலேயே அவரவர் வாத்தியமும் போடுங்கள். 'குழுவினர்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். தாத்தா பெயரையும் ஒரு வரி சேர்த்தால் அந்த வீட்டில் போஸ்டரைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். தேதி போடும்போது தமிழ் மாதத் தேதியையும் கிழமையையும் சேருங்கள்.

லோகோவுக்கு ஃபான்ட் தேட வேண்டாம், கையால் எழுதுங்கள். பிரஷ் பிடிக்கத் தெரியாது என்றால் பாளையங்கோட்டைப் பக்கம் பழைய சுவர் எழுத்துக்காரர் இன்னும் ஓரிருவராவது இருப்பார்கள், ஒரு நாள் கூலி கொடுத்து எழுத வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். எழுதியதை ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கி, ஒரே நிறத்தில் பாருங்கள். புள்ளியும் சுழியும் அடைந்துபோனால் மறுபடி எழுதுங்கள். 'வி' எழுத்தை வில்லாக வளைக்கிற ஆசை வரும். எனக்கும் வந்தது. அடக்குங்கள்.

அளவு பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: இன்றைக்குச் சுவருக்கு முன்னால் வாட்ஸாப் ஸ்டேட்டஸ்தான் போகிறது. 1080க்கு 1920 அளவில் முதலில் செய்து, செல்போனைக் கை நீட்டிப் பிடித்து, குழுவின் பெயரும் ஊரும் நாளும் தெரிகிறதா பாருங்கள். அது நின்றால் டபுள் டெமி என்கிற சுவரொட்டி அளவுக்குப் போவது சுலபம். பேனரை வண்ணார்பேட்டை ரோட்டோரம் அனுமதி இல்லாமல் வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னையில் ஒரு பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன பெண் செத்துப்போனது மறந்திருக்காது.

கூலி. வெட்கப்படாமல் இப்போதே பேசுங்கள், பாட்டுக்கு அவர்கள் அட்வான்ஸ் வாங்குவார்கள்தானே? பாதியை முன்னாலும், பாதியை டிசைன் ஃபைலைக் கொடுக்கும்போதும் வாங்குங்கள். இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதற்குக் காசு. குறைத்துத்தான் கொடுப்பார்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 'வடிவமைப்பு' என்று உங்கள் பெயர் போஸ்டரின் அடியில் வர வேண்டும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. கடை நேரத்தில் உங்கள் வேலையாகச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பதிப்புரிமை முதலாளியுடையது. லோகோவை வீட்டில் ராத்திரி செய்யுங்கள், முதலாளியிடமும் சொல்லிவிடுங்கள். குழுவுக்கு உரிமையை மாற்றுவது கையெழுத்தோடு எழுத்தில் இருந்தால்தான் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்குத்தான். லோகோ என்பது பயலுவ பத்து வருஷம் பாடினாலும் கூட வருவது, அதனால் காலத்தையும் எழுதுங்கள். ஒரு வெள்ளைத் தாள் போதும். நீங்களும் கையெழுத்துப் போடுங்கள், ஆறு பேரும் போடட்டும், குழு பிரிந்தால் லோகோ யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஒத்திகை நன்றாகப் போன ஒரு சாயங்காலம் பார்த்துக் கேளுங்கள்.