போன் இன்டர்வியூ என்றாலே உதறல்

கேள்வி: இரண்டு காதிலும் மெஷின் போடுகிறேன். பி.காம். முடித்து ஒரு வருடமாக வேலை தேடுகிறேன், போன் இன்டர்வியூ என்றாலே சொதப்பல். காது விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: சொல்லிவிடுங்கம்மா. எனக்கும் இதே காதுதான். தண்டையார்பேட்டையில் ஒரு இன்டர்வியூவில், தலைக்கு மேல் ஃபேன் கடகடக்க, என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்றதற்கு "ராயபுரத்திலிருந்து பஸ்ஸில்" என்று பதில் சொன்னவன் நான். அப்புறம் வெட்கத்தை விட்டேன்: போன் வேண்டாம், வாட்ஸப்பில் கேளுங்கள், நேரில் என்றால் முகம் பார்த்துப் பேசுங்கள் என்று முதல் மெயிலிலேயே எழுதிவிடுவேன். சரி, யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வாங்கிவிட்டீர்களா? அதில் குறைபாடு 40 சதவீதமாவது இருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டில் 1 சதவீதம் நம் காதுக்காரர்களுக்கு. இன்டர்வியூ அன்று பையில் மாற்று பேட்டரி இருக்கட்டும்.