ஃபிளவர்ஹார்னும் பாரட்டும்: நோய், மருந்து, அளவு – கேள்வி பதில்

ஃபிளவர்ஹார்ன் 1990-களில் மலேசியாவில் உருவான கலப்பின வளர்ப்பு மீன். அதற்கும் முன்னால், 1980-களில் தைவானில் வந்தது பிளட் பாரட். இரண்டும் சிக்லிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த மத்திய அமெரிக்க மீன்களைக் கலந்து எடுத்தவை, எந்த ஆற்றிலும் இயற்கையாகப் பிறந்தவை அல்ல. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் இவற்றை வாங்கிப் போனவர்களிடமிருந்து அதிகம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

மாசம் ஒரு தடவை டேங்கை முழுசா காலி பண்ணி, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாய்த் தண்ணியில நல்லா கழுவி வைக்கிறேன். ஆனாலும் மூணாம் நாள் ஃபிளவர்ஹார்ன் மேலே வந்து வாயைப் பிளக்குது. என்ன மருந்து போடலாம் அண்ணா?

மருந்தே வேண்டாம். ஸ்பாஞ்சைக் கழுவியபோது அழுக்கோடு சேர்த்து, மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவையும் கொட்டிவிட்டீர்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மிச்சத்தைக் கொன்றிருக்கும். அவை மறுபடி வளர 3 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை முதலில் அமோனியா ஏறும், பிறகு அதிலிருந்து உருவாகும் நைட்ரைட் என்ற இன்னொரு விஷம் ஏறும். மீன் மூச்சுக்குத் தவிப்பது அதனால்தான். செவுளைத் தூக்கிப் பாருங்கள்: சிவப்பாக இல்லாமல் பழுப்பாகத் தெரிந்தால் நைட்ரைட்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள், கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன் போடுங்கள். லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு கரைத்து விடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். டெஸ்ட் கிட்டில் இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும்.

போர் தண்ணீர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதில் பி.எச். (அமில-கார அளவு) கூடுதலாக இருக்கலாம். தண்ணீர் 30 டிகிரியில் இருக்கையில் பி.எச். 7 என்றால், அமோனியாவில் 100-க்கு 1 பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் ஏறக்குறைய 7 பங்கு விஷம். கிட் காட்டும் நிறம் ஒன்றாகவே இருக்கும், ஒருவர் வீட்டு மீன் பிழைக்கும், இன்னொருவர் வீட்டு மீன் சாகும்.

இனிமேல் வாரம் ஒருமுறை 25–30 சதவீதம் மட்டும் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சை, டேங்கிலிருந்து எடுத்த தண்ணீரையே பக்கெட்டில் வைத்து அதில் பிழியுங்கள். அது பளிச்சென்று ஆக வேண்டியதில்லை. குளோரின் போக, 10 கிராம் சோடியம் தயோசல்பேட்டை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக விடும் தண்ணீர் லிட்டருக்கு 1 மில்லி, 50 லிட்டருக்கு 50 மில்லி.

இரண்டு அடி டேங்க் போதும்னு கடையில சொன்னாங்க. நிஜமா சார்?

குட்டிக்குப் போதும், அதுவும் சில மாதத்துக்குத்தான். 24×12×12 அங்குல டேங்க் விளிம்புவரை நிறைத்தாலே சுமார் 56 லிட்டர். வளர்ந்த ஃபிளவர்ஹார்ன் ஒன்றுக்கு 36×18×18 அங்குலம், அதாவது 190 லிட்டர் வேண்டும். மணிக்கு 1000 லிட்டர் இழுக்கும் ஃபில்டர் போடுங்கள். அந்த ஒரு டேங்கில் ஒரே மீன்தான். துணைக்கு இன்னொன்று விட்டால், காலையில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

உடம்பெல்லாம் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கல்லுல போய் உரசுது.

இக், வெண்புள்ளி நோய். கண்ணில் படும் புள்ளி, தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணி. அந்த நிலையில் எந்த மருந்தும் அதைத் தொடாது. அது முதிர்ந்து கீழே விழுந்து, கல்லில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சாகப் பிரிந்து நீந்தி வரும்போதுதான் சாகும். மூன்றாம் நாளே புள்ளி மறைந்துவிட்டதென்று வைத்தியத்தை நிறுத்துபவர்களுக்கு அடுத்த வாரமே திரும்ப வருவது இதனால்தான்.

ஹீட்டரை 24 மணி நேரத்துக்கு 2 டிகிரி வீதம் 30 வரை ஏற்றுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கல்லுப்பு லிட்டருக்கு 3 கிராம்: 60 லிட்டருக்கு 180 கிராம். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டாமல், மக்கில் கரைத்து 60 கிராமாக மூன்று தடவை, ஆறு ஆறு மணி நேர இடைவெளியில் விடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடிக்கல்லை உறிஞ்சி எடுங்கள். 15 லிட்டர் எடுத்தால் புதுத் தண்ணீருடன் 45 கிராம் உப்பு மட்டும் சேருங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு உப்பு கூடாது, ஏனென்றால் உப்பு ஆவியாகாது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். மெத்திலீன் புளூவை மெயின் டேங்கில் ஊற்றாதீர்கள், ஃபில்டர் பாக்டீரியா போய்விடும்.

வாய் ஓரத்தில் பஞ்சு மாதிரி, முதுகில் சாம்பல் திட்டு. அதே மாதிரி சூடு ஏத்திட்டேன், இன்னும் மோசமாயிடுச்சு.

ஆகத்தான் செய்யும். அது காலம்னாரிஸ், பாக்டீரியா. சூட்டில்தான் அது வேகமாகப் பரவும், ஒன்றிரண்டு நாளில் மீனைக் கொல்லக்கூடியது. பூஞ்சை என்றால் காயத்தின் மேல் நூல் நூலாகப் புசுபுசுவென்று நிற்கும். இது தட்டையாக, சேணம் போட்டதுபோல் முதுகில் படியும். மெதுவாக 25–26 டிகிரிக்கு இறக்கி, தனி டேங்கில் உப்பும் நல்ல காற்றும் கொடுங்கள். ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும். மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: டெட்ராசைக்ளின் வகையைக் கடினமான போர் தண்ணீரில் கரைத்து வீணாக்காதீர்கள். கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். மீன் சாப்பிடுகிறதென்றால் தீனியில் கலந்து கொடுப்பதுதான் பலிக்கும்.

தலையில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை, கழிவு வெள்ளை நூலா தொங்குது. தீனி எடுக்கிறதில்லை.

முதலில், கண்ணைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் சிறு துளைகள் எல்லா சிக்லிட்டுக்கும் உண்டு. அவை உணர்வுத் துளைகள், நோயல்ல. ஓரம் பிசிறி, வெளுத்து, நாளுக்கு நாள் அகலமானால் தலைத்துளை நோய். வெள்ளை நூல் கழிவும் சேர்ந்திருப்பதால் குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் என்ற ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். டியூபிஃபெக்ஸ் புழு, மாட்டு இதயம் என்று கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

மருந்து மெட்ரோனிடசோல். 60 லிட்டர் தனி டேங்குக்கு 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்துப் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி ஊற்றுங்கள். ஃபில்டரில் மருந்தை உறிஞ்சும் கார்பன் (கரி) இருந்தால் எடுத்துவிடுங்கள், லைட்டை அணையுங்கள். தினமும் 25 சதவீதம் தண்ணீர் மாற்றி, அதே அளவு மருந்து, மொத்தம் மூன்று நாள். பசி திரும்பியதும் தீனி வழிக்கு மாறுங்கள்: 10 கிராம் பெல்லட்டுக்கு 100 மில்லிகிராம், அதாவது கால் மாத்திரை. கொஞ்சம் ஜெலட்டின் கரைசலில் பிசறி நிழலில் உலர்த்தி, ஃபிரிட்ஜில் வைத்து ஐந்து நாள் கொடுங்கள். ஆழமான துளை மூடினாலும் தழும்பு நிற்கும்.

தலைமேல இருக்கிற புடைப்பு, கோக், சுருங்கிடுச்சு அண்ணா. கண்ணாடி காட்டினா பெருசாகுமா?

கோக் பெரும்பாலும் பரம்பரை, ஆண் என்பதாலும் கூடும். பட்டினி, தண்ணீர்க் கேடு, குடல் ஒட்டுண்ணி மூன்றில் எது வந்தாலும் கொழுப்பு கரைந்து தலை வற்றும். கண்ணாடியை நாளுக்கு ஐந்து நிமிடம் காட்டலாம், மணிக்கணக்கில் வைத்தால் மீன் மோதி உதட்டைக் கிழித்துக்கொள்ளும். "ஹெட் மருந்து" என்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்பதை வாங்காதீர்கள். ஹார்மோன் கலந்திருந்தால் மீன் மலடாகலாம்.

பாரட் தலைகீழா மிதக்குது.

பாரட்டின் முதுகெலும்பும் காற்றுப்பையும் கலப்பினாலேயே குறுகி வளைந்தவை. வாயும் சரியாக மூடாது, தொண்டையில் இருக்கும் பல்லால்தான் அரைக்கும். மிதக்கும் தீனியை எட்டிப் பிடிக்கையில் காற்றும் உள்ளே போகும். இரண்டு நாள் பட்டினி போடுங்கள், பிறகு தோல் உரித்து வேகவைத்த பட்டாணி, அடுத்து மூழ்கும் பெல்லட்டை ஊறவைத்துக் கொடுங்கள். வயிறு உப்பியிருந்தால் 20 லிட்டருக்கு 1 டீஸ்பூன் எப்சம் உப்பு. பத்து நாளில் நிமிராவிட்டால் உடலமைப்புக் கோளாறு, மருந்தால் தீராது. தண்ணீர் மட்டத்தை அரையடிக்கு இறக்கி வைத்தால் சிரமமில்லாமல் சாப்பிடும்.

அதே பாரட்ல கறுப்புத் திட்டு?

டேங்க் மாற்றினாலோ, பெரிய மீன் துரத்தினாலோ வரும். தண்ணீர் சரியாக இருந்தால் சில வாரத்தில் போகும். ஊதா, நீலப் பாரட் வாங்கினவர்களுக்கு: அது ஏற்றிய சாயம், வெளுப்பது நோயல்ல.

வீடு மாறுகிறோம். ஏரியில் விட்டுவிடலாமா?

கூடாது. இந்தோனேசியாவின் மட்டானோ ஏரியில் இப்படி விட்ட ஃபிளவர்ஹார்ன் பெருகி, அங்கு மட்டுமே வாழும் மீன்களை விழுங்குகிறது. வாங்கிய கடையிலேயே கேளுங்கள், ஆரோக்கியமான பெரிய மீனைப் பலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கூடவே கொண்டுபோவதென்றால் முந்தின நாள் தீனி நிறுத்துங்கள். இரட்டைப் பையில் மூன்றில் ஒரு பங்கு பழைய தண்ணீர், மீதி ஆக்சிஜன் பிடித்து, தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். ஸ்பாஞ்ச் ஈரத்தோடு தனிப் பையில் வரட்டும், காய்ந்தால் பாக்டீரியா செத்துவிடும்.